கண்ணாடிக்குள் இருப்பது கண்ணாடிக்கே

அந்த அலுவலகத்தில் முதலில் வந்தவரை அடுத்து வருபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன, தண்ணி போட்டாச்சா?"

ஒருமுறை பார்சல் கொண்டுவந்தவர் இதைக் கேட்டுப் படியிலேயே நின்றுவிட்டார். "மணி ஒம்பதரைகூட ஆகலையே சார்" என்றார் வருத்தத்தோடு. படங்களின் நிறத்தைச் சரிசெய்கிற நிறக்காரர் அவரை உட்காரவைத்து, மேசைமேல் கிடந்த அச்சுத்தாளில் ஒரு நாற்காலியின் படத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்துக் காட்டினார். "கை வைத்த மர நாற்காலி. கால்களைக் கழற்றி மாட்டலாம்" என்றது கைபேசி. பக்கத்து விளக்குக்கு நகர்த்தியதும் விளக்கைப் பற்றிப் பேசியது. தரைவிரிப்புக்கு வந்ததும் அதன் நீள அகலத்தைச் சொன்னது. பார்சல்காரர் தாளைத் தூக்கி அடியில் பார்த்தார். அடியில் மேசைதான் இருந்தது.

"இதுக்குத்தான் தண்ணி போடறோம்" என்றார் நிறக்காரர்.

வாட்டர்மார்க் என்பது நீளமான சொல். முதல் வாரமே அதைத் தண்ணி ஆக்கிவிட்டார்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணை அந்தப் பொருளின் நிறத்துக்குள்ளேயே கரைத்துவிடுவார்கள். ஓரிடத்தில் துளி வெளிச்சம் கூடும், பக்கத்தில் துளி குறையும். மனிதக் கண்ணுக்கு அது தட்டாது, கைபேசிக் கண்ணுக்குத் தட்டும். நாற்காலிக்குள் நாற்காலியின் எண், விளக்குக்குள் விளக்கின் எண். ஒன்று எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் மனிதர் யாராவது கோடு போட்டுச் சொல்லவேண்டும். கோடு பிசகினால் நாற்காலியின் கால் தன்னைத் தரைவிரிப்பு என்று சொல்லிக்கொள்ளும்.

அந்தக் கோட்டைப் போடுகிறவள் ஓரம்மா.

பொருள்களின் ஓரத்தை வரைகிறவள் என்பதால் முதலில் 'ஓரம்' என்று வைத்தார்கள். நாற்பத்தாறு வயதுப் பெண்ணை வெறும் ஓரம் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அம்மாவைச் சேர்த்தார்கள், நடுவில் இருந்த ஓர் எழுத்து தானாகவே கரைந்துவிட்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவள் பொதுவாக எதையும் சொல்லமாட்டாள். பேருந்தில் ஒருநாள் கணவரிடம் கைபேசியில், "காலையிலேருந்து பத்துக்குத் தண்ணி போட்டுட்டேன், கண்ணு சொருகுது" என்றபோது பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். அதைக்கூட ஒரு வாரம் கழித்துத்தான் அலுவலகத்தில் சொன்னாள்.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் நில அளவை வரைபடங்களைக் கணினிக்கு மாற்றும் இடத்தில் இருந்தாள். யார் வீட்டு மதில் எங்கே முடிகிறது என்று கோடு போட்டு கோடு போட்டு, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டாள். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருப்பார். இவள் கண் அவருடைய காதைச் சுற்றி வரும். மகள் சாப்பிடும்போது, "அம்மா, என் தலையைச் சுத்தி முடிச்சிட்டியா, நான் எந்திரிக்கலாமா?" என்பாள். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "உங்கம்மா பக்கவாட்டுல போவா, நான் மேல கீழ போவேன். ஒருநாளும் மோதிக்கிட்டதே இல்லை" என்பது அவருடைய நகைச்சுவை. பத்தொன்பது வருடமாக அதையே சொல்கிறார்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கோட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு எழமாட்டாள். பொருளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போய், கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு சேர்த்தால்தான் கோடு மூடும். மூடினால்தான் கணினி அதைப் பொருளாக ஏற்கும். தேநீர் ஆறும், கைபேசி அடிக்கும், தீயணைப்பு ஒத்திகைக்கு மணிகூட அடித்தது. மூடிவிட்டுத்தான் எழுந்தாள். "ஓரம்மா திறந்து போட்ட கோடு ஒன்னைக் காட்டுங்க, என் மீசையை எடுத்துடறேன்" என்று நிறக்காரர் புதிதாக வருபவர்களிடம் பந்தயம் கட்டுவார். எட்டு வருடமாக மீசை பத்திரமாக இருந்தது.

அவளுடைய மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவ்வப்போது பட்ட பாட்டிலிருந்து எழுதிச் சேர்த்த விதிகள். 'மனிதர்களுக்கு எண் கிடையாது' என்பது முதல் விதி. படத்தில் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவரைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிவிடவேண்டும். கைபேசி அவரைக் கண்டால் பேசாமல் இருக்கும். நான்காவது விதி, 'கண்ணாடிக்குள் இருப்பது கண்ணாடிக்கே.' அது ஓரம்மாவால் வந்த விதி. சேர்ந்த புதிதில், சுவர்க் கண்ணாடி ஒன்றில் எதிரிலிருந்த அலமாரி தெரிந்தது. அலமாரி எங்கே தெரிந்தாலும் அலமாரிதானே என்று அதற்கும் அலமாரி எண்ணைக் கொடுத்துவிட்டாள். விற்பனைப் புத்தகம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் ஒருவர் எழுதிக் கேட்டார்: 'கண்ணாடி வாங்கினால் அலமாரி சேர்த்துத் தருவீர்களா?' அன்றிலிருந்து கண்ணாடியின் சட்டத்துக்குள் என்ன தெரிந்தாலும், கதவோ கடலோ, அது கண்ணாடி.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது தாளில் எழுதப்படவில்லை. பொருள்களைப் பற்றிப் பேசும் நல்ல குரல் வேறொரு ஊரிலிருந்து வரவேண்டும். அது வரும்வரை சோதித்துப் பார்க்க, கோடு போட்டவரே ஒலிவாங்கியில் பொருளின் பெயரைச் சொல்லி, பின்னால் 'சும்மா' என்று சேர்ப்பார். "விளக்கு. சும்மா." "மேசை. சும்மா." அச்சுக்குப் போகும் முன் நிறக்காரர் கைபேசியைத் தாள் முழுக்க மேயவிடுவார். எங்காவது சும்மா கேட்டால் அந்தத் தாள் நிற்கும். அறுபதாயிரம் வீடுகளுக்குப் போகிற புத்தகத்தில் ஒரு மேசை தன்னைச் சும்மா என்று சொல்லிக்கொள்ளக்கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மரச்சாமான் புத்தகத்தின் கடைசிப் பத்துப் படங்கள் காலையில் வந்தன. மூன்று மணிக்கு அச்சகத்துக்குப் போய்விடவேண்டும். மேலாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கெடு மூணு மணி" என்றாள். முப்பது வயதுதான் இருக்கும். வாய் திறந்தால் முதலில் அந்தச் சொல்தான் வரும் என்பதால் அவளுக்குப் பெயரே 'கெடு' என்று ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

படங்கள் வாடகைக்குப் பிடித்த வீடுகளில் எடுத்தவை. வீட்டுக்காரர்களின் சாமான்களை ஒதுக்கிவிட்டு, நிறுவனத்தின் சாமான்களைப் போட்டு எடுப்பார்கள். அவை இங்கே வரும்போது 'வீடு ஒன்பது', 'வீடு பதினான்கு' என்றுதான் வரும். பதினான்காம் வீட்டுக் கூடத்தில் ஒரு நீள இருக்கை, குட்டி மேசை, விளக்கு, சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி. சுலபமான படம். ஓரம்மா கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி முடித்துவிட்டு, பழக்கத்தில் உள்ளே பார்த்தாள். கீழ் மூலையில், கதவருகே, ஏதோ நின்றது. கட்டைவிரல் நகத்தின் உயரம்தான். துணி மாட்டும் கம்பம் என்று நினைத்தாள்.

நான்காவது விதிப்படி அதை அவள் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னதென்று தெரியாத உருவத்தை அவள் கண்ணால் தெரிந்துகொள்வதில்லை, கோட்டால் தெரிந்துகொள்வாள். படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். மேலே குண்டாக இருந்தது தலையில் சுற்றிய துண்டு. பிறகு கழுத்து, தோள். தோளிலிருந்து கீழே இறங்கி முழங்கைக்கு வந்ததும் கை தானாக வேகம் குறைந்தது.

அந்த முழங்கை முழுதாக நிமிரவில்லை. தொங்கவிட்ட கைதான், ஆனாலும் உள்ளே ஒரு மடிப்பு நின்றது, கதவை முக்கால் மூடிவிட்டு விட்டதுபோல. ஒன்பது வயதில் மதில்மேலிருந்து விழுந்து உடைந்த கை. கட்டுப் பிரித்த பிறகும் அந்த மடிப்பு போகவில்லை. ஓரம்மா அதைப் பார்த்தபடியே வளர்ந்தவள். ஆனால் அக்காவுக்கு அது இடது கை, இங்கே வலது கையாக இருந்தது. கண்ணாடி என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

முகம் மங்கலாக இருந்தது. முகம் தேவைப்படவில்லை.

அக்காவைப் பார்த்து ஆறு வருடம். அவர்கள் வீடு மாறியதும், புது வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்பதும் காற்றுவாக்கில் வந்த செய்திதான். அந்த வீட்டின் கூடம் இப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அதிலும் சாமான்கள் அக்காவுடையவை அல்ல.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா மருத்துவமனையில் இறந்தது ஒரு காலைநேரத்தில். அக்கா ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மழையில் தண்டவாளம் மூழ்கி ரயில் வழியில் நின்றுவிட்டது. எப்போது கிளம்பும் என்று ரயிலில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. மதியம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. சித்தப்பா வந்து, "நீதான் சொல்லணும்மா" என்றார். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஓரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க எதுவும் மூடாமல் கிடந்தது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "எடுத்துடலாம்" என்றாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து சேர்ந்தாள். ஒன்றரை மணி நேரம் பிந்தியிருந்தாள். தோளிலிருந்த பையை இறக்கவில்லை. "முடிச்சாச்சா? சரிதான். நீ கோடு போட்டா நேராத்தான் இருக்கும்" என்றாள். அன்றே திரும்பிவிட்டாள். ஓரம்மா இரண்டுமுறை கடிதம் எழுதினாள், ஒருமுறை மகளை அனுப்பினாள். மகளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது. வேறு எந்தப் பதிலும் இல்லை.

இப்போது அவள் அக்காவின் தோளைச் சுற்றி, துண்டைச் சுற்றி, முதல் புள்ளிக்குத் திரும்பிக் கோட்டை மூடினாள். மூடியதும் கணினி வழக்கம்போலப் பெயர் கேட்டது. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டு வருடம் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய வாய் அது.

"அக்கா. சும்மா."

அழித்துவிடலாம் என்றுதான் இருந்தாள். ஒன்பது படங்கள் பாக்கி. அவற்றை முடித்துவிட்டு வரலாம் என்று போனாள்.

பதினொன்றேகாலுக்கு நிறக்காரர் சோதனைத்தாளை அச்சடித்துப் பெரிய மேசையில் விரித்துக் கைபேசியோடு மேய ஆரம்பித்தார். நல்ல குரல்கள் முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தன. நீள இருக்கை பேசியது, விளக்கு பேசியது. அவருடைய கை கண்ணாடிக்கு வந்தது. பிறகு கீழே இறங்கியது. நின்றது. மறுபடி மேலே போய்க் கீழே வந்தது.

"ஓரம்மா" என்றார் தலையைத் திருப்பாமல். "இந்தக் கண்ணாடி என்னை அக்காங்குது."

ஓரம்மா எழுந்து வந்தாள். அவர் மறுபடி காட்டினார். "அக்கா. சும்மா" என்றது அவளுடைய குரல், கொஞ்சம் மூக்கடைத்தாற்போல.

"யாரு இது?"

"எங்கக்கா."

நிறக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. எட்டு வருடத்தில் அவர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது அன்றுதான். "படம் எடுக்கறவன் பின்னாடி நின்னு வேடிக்கை பாத்திருக்காங்க" என்றார்.

அதற்குள் கெடு வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். "ஆள் விழுந்திருக்கு. எடுத்துடுங்க" என்றாள் நிறக்காரரிடம். அந்த அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிற சொல். மின்கம்பியை எடுத்துடு, சுவர்க்கறையை எடுத்துடு, பூனையை எடுத்துடு.

"கேக்கணும்" என்றாள் ஓரம்மா.

"யாரை?"

"அவங்களை."

"வெச்சிக்கணும்னாதான் கேக்கணும், ஓரம்மா. எடுக்கறதுக்கு யாரையும் கேக்க வேணாம்."

"எடுக்கறதுக்கும் கேக்கணும்."

கெடு அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஓரம்மா இப்படித் தொடர்ந்து இரண்டு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. "கேளுங்க. மூணு மணிக்கு ஃபைல் போயிடணும்" என்றாள்.

ஓரம்மா அலுவலகத் தொலைபேசியை எடுத்தாள். அந்த எண்ணை எங்கும் பார்க்கவேண்டியிருக்கவில்லை. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"படம் எடுக்க வந்த கம்பெனியிலேருந்து பேசறேங்க."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அது நின்றது. "கம்பெனிக்கு என் தங்கச்சி குரல் எங்கேருந்து கிடைச்சுது?"

"நான்தான்க்கா."

"தெரியுது. யாருக்கு என்ன? சட்டுனு சொல்லு."

"யாருக்கும் ஒன்னும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. நீ கண்ணாடியில விழுந்திருக்க."

"நான் எங்க விழுந்தேன்? நல்லாத்தானே நிக்கறேன்."

ஓரம்மா விளக்கினாள். கூடம், கண்ணாடி, கதவருகே அவள். அக்கா இடையில் புகுந்தாள். "அதுவா? உங்க மாமா வேலை அது. கேட்டாங்களாம், சரின்னுட்டாராம். ரெண்டு நாள் என் சோபாவைக் கொண்டுபோய் மொட்டை மாடியில போட்டானுங்க. பாவம், மழை வேற. நான் எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். நான் என்ன உடுத்தியிருக்கேன்?"

"பூப்போட்ட நைட்டி. தலையில துண்டு."

"ஐயய்யோ. எத்தனை வீட்டுக்குப் போகுது அது?"

"அறுபதாயிரம்."

"அப்ப எடுத்துடு."

ஓரம்மா, "சரி" என்றாள். ஆனால் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை.

"இரு" என்றாள் அக்கா. "எடுக்கலாமான்னு கம்பெனி கேக்குதா, நீ கேக்குறியா?"

"கம்பெனி கேக்க வேணாம்னுதான் சொல்லுது. நான் கேக்குறேன்."

அக்கா, அளவெடுத்து வைத்ததுபோல, "எடுக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்" என்றாள்.

"கொண்டு வரட்டுமா?"

"நீ நகராத. நானே வரேன். நான் வர்றவரைக்கும் எடுக்காத."

"மூணு மணிக்குள்ள..." என்று ஓரம்மா ஆரம்பித்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

அக்கா வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. நிறக்காரர் மற்ற ஒன்பது படங்களையும் முடித்து ஓரமாக வைத்தார். ஓரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. இரண்டேமுக்காலுக்கு அவளுடைய கைபேசி அடித்தது.

"பாலத்துமேல நிக்கறேன்" என்றாள் அக்கா. பின்னால் ஹாரன் சத்தம். "லாரி ஒன்னு குறுக்க படுத்துக்கிச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல."

"வீட்டுலேருந்து எப்ப கெளம்பின?"

"துணி மாத்த வேணாமா?"

"எவ்வளவு நேரமாகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? டிரைவருக்கே தெரியல." ஹாரன் ஓய்ந்ததும் சொன்னாள்: "முடிக்கணும்னா முடிச்சுக்கோ. எனக்கொன்னும் புதுசு இல்ல."

"இரு. நீ வா" என்றாள் ஓரம்மா.

கெடு அறையிலிருந்து வெளியே வந்து சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றாள். நிறக்காரர் கணினியில் கையை வைத்துக்கொண்டு ஓரம்மாவைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். எல்லாரும் அவள் முகத்தையே பார்ப்பது அவளுக்குப் பழைய அனுபவம்.

ஓரம்மா தன் மேசையில் போய் உட்கார்ந்தாள். பதினான்காம் வீட்டின் படத்தைத் திறந்தாள். அக்காவைச் சுற்றியிருந்த கோட்டில், முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். கோடு திறந்துகொண்டது. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு நிறக்காரர் ஃபைலை அனுப்பினார். அது போகவில்லை. மறுபடி அனுப்பினார்.

"என்னாச்சு?" என்றாள் கெடு.

"கோடு மூடலைன்னு சொல்லுது."

"யார் கோடு?"

நிறக்காரரின் கை மெல்ல மீசைக்குப் போயிற்று.

கெடு ஓரம்மாவின் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். "உங்க கோடா? மூடாம இருக்கா?"

"ஆமா."

"மூடுங்க."

"அவங்க வந்துட்டிருக்காங்க. பஸ் பாலத்துல நிக்குது."

"அச்சகத்துல மெஷின் நமக்காக நிக்காது, ஓரம்மா. வேற வேலை ஏத்திட்டா நாளைக் காலையிலதான். நான் எழுத்துல உங்ககிட்ட விளக்கம் கேக்க வேண்டியிருக்கும். உங்க ஃபைல்ல அது இருக்கும்."

"கேளுங்க."

"ஒரு நைட்டிக்காகவா?"

"வர்றவரைக்கும் எடுக்கறதில்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள் ஓரம்மா. குரல் உயரவில்லை. அவளுடைய கோட்டை அவள்தான் மூடவேண்டும். இன்னொருவர் கை வைக்கமுடியாதபடிதான் அந்த அமைப்பு. பிழை வந்தால் யாருடையது என்று தெரியவேண்டும் என்று வைத்தது. அது இப்படிப் பயன்படும் என்று வைத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. கெடு உள்ளே போய் அச்சகத்தோடு பேச ஆரம்பித்தாள். கண்ணாடிக் கதவு வழியே அவள் தலையாட்டுவது தெரிந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு அக்கா படியேறி வந்தாள். நல்ல பட்டுப்புடவை, கழுத்தில் சங்கிலி, நிமிராத கையில் கைப்பை. திரும்ப ஒருமுறை படம் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதுபோல இருந்தது. கூந்தலில் பாதி நரைத்திருந்தது. ஓரம்மாவின் கண் அவளைச் சுற்றி ஒரு சுற்று வந்தது.

"எங்க?" என்றாள் அக்கா.

எடுத்தாயா என்று அவள் கேட்கவில்லை. ஓரம்மா மேசையைக் காட்டினாள். நிறக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, தனக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோலப் போனார்.

அக்கா தாளின்மேல் குனிந்தாள். பூதக்கண்ணாடியை ஓரம்மா பிடித்தாள். "எவ்வளவு குண்டாத் தெரியறேன்" என்றாள் அக்கா. "துண்டு வேற. இதுலேருந்து நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கை."

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "பேசும்னு மாமா சொன்னாரே. எப்படி?" என்றாள். ஓரம்மா கைபேசியை அவளிடம் கொடுத்து, பிடிக்கவேண்டிய உயரத்தைக் காட்டினாள். அக்கா முதலில் நீள இருக்கையைக் கேட்டாள். "என் சோபா இதைவிட நல்லா இருக்கும்" என்றாள். கண்ணாடிக்குப் போனாள். "சுவர்க் கண்ணாடி. ஆறடி உயரம். மரச் சட்டம்" என்றது அழகான குரல். அக்கா கைபேசியை மெல்லக் கீழே இறக்கினாள்.

"அக்கா. சும்மா."

அக்கா கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். "இது நீதானே?"

"சோதனைக் குரல். அச்சுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் அப்படிச் சொல்லிவைப்போம். மேசை சும்மா, விளக்கு சும்மான்னு."

"மேசையும் நானும் ஒன்னா?"

"மனுஷங்களுக்கு எண் கிடையாது. உனக்குக் குடுத்தது தப்பு."

அக்கா மறுபடி காட்டினாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை காட்டும்போது கைபேசி கொஞ்சம் விலகியதில் குரல் பாதியில் அறுந்து, 'அக்' என்று நின்றது. அவள் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தாச்சு. எடுத்துடு" என்றாள்.

ஓரம்மா தன் இடத்துக்குப் போனாள். அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் பார்க்கப் பார்க்க, ஓரம்மா நீக்கிய புள்ளியைத் திரும்ப வைத்துக் கோட்டை மூடினாள். நிறக்காரருக்குச் சைகை காட்டினாள். அவர் தன் திரையில் இரண்டு தட்டு தட்டினார். பூப்போட்ட நைட்டியும் துண்டும் கையும் போய், கண்ணாடிக்குள் கதவும் சுவரும் நின்றன. ஓரம்மா அந்த இடத்துக்குக் கண்ணாடியின் எண்ணையே போட்டாள். ஃபைல் போயிற்று. கெடு கதவைத் திறந்து, "நாளைக் காலை ஏழு மணி ஸ்லாட். கடிதம் சாயங்காலம் தரேன்" என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்து, உள்ளே போனாள்.

"என்ன கடிதம்?" என்றாள் அக்கா.

"சும்மா."

அக்கா தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடினாள். மூடியை இன்னொருமுறை திருகினாள். திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அன்னிக்கு அப்பா எப்படி இருந்தாரு?"

இதை ஆறு வருடமாக யாரும் ஓரம்மாவிடம் கேட்கவில்லை. பதில் அவளிடம் இருந்தது. அவள் மேசையின் வெறும் பரப்பில் விரலை வைத்தாள்.

"நெத்தி இங்க. முடி பின்னாடி ஏறியிருந்துச்சு, நீ கடைசியாப் பாத்ததைவிட. ஷேவ் பண்ணி மூணு நாள் இருக்கும். தாடை இப்படி இறங்கி, வாய் மூடித்தான் இருந்துச்சு, இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் திறந்து. இடது காதுக்குக் கீழ பிளாஸ்டர் ஒட்டின தடம்..."

"இடதா?" என்றாள் அக்கா. "உனக்கு இடதா, அவருக்கு இடதா?"

ஓரம்மாவின் விரல் நின்றது. அன்று தான் எந்தப் பக்கம் நின்றிருந்தோம் என்று யோசித்தாள். "எனக்கு இடது. அவருக்கு வலது."

"ஒழுங்காச் சொல்லு. முதல்லேருந்து."

ஓரம்மா விரலை எடுத்து, மறுபடி நெற்றியில் வைத்தாள்.